பத்து மீட்டர் இழுத்தால் வாய்க்கால் காணாமல் போகும்

மேலூர் வட்டத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். சிவில் இன்ஜினியரிங் முடித்துவிட்டு ஊரோடு இருப்பவர். கண்மாய்ப் பாசன சங்கத்துக்குத் தலைவராக இருக்கும் அவருடைய பெரியப்பா, ஆயக்கட்டு (கண்மாய்த் தண்ணீர் பாயும் நிலம்) முழுவதையும் புல எண்ணோடு ஒரே படமாகப் போட்டுத் தரச் சொல்லியிருக்கிறார். எந்த மடையில் எந்த வயல் பாய்கிறது, கண்மாய் எல்லை எதுவரை, ஓடை எங்கே போகிறது என்பதெல்லாம் அந்தப் படத்தில் தெரிய வேண்டும்.

கடிதத்தின் சாரம் இது. கிராம வரைபடத்தை ஸ்கேன் செய்து, கூகுள் சாட்டிலைட் படத்தோடு நான்கு புள்ளிகளில் பொருத்தியிருக்கிறார்கள். அதன்மேல் நண்பர் ஒருவர் ஆட்டோகேட் என்ற வரைபட மென்பொருளில் கோடு பிடித்திருக்கிறார். உட்பிரிவுகளைப் புலப்படங்களை (ஒவ்வொரு புலத்துக்கும் அளவுகளோடு உள்ள எஃப்எம்பி படம்) பார்த்துக் கண்ணளவில் சேர்த்திருக்கிறார். அந்த வரைபடத்தின் டிஎக்ஸ்எஃப் கோப்பைக் கியூஜிஐஎஸ் என்ற நிலப்பட மென்பொருளில் திறந்து, கோடுகளை மூடிய வடிவங்களாக (பாலிகன்) மாற்றும் 'பாலிகனைஸ்' கருவியை ஓட்டினால் 131 பாலிகன்தான் வந்தது. கிராமத்தின் நிலப் பதிவேடான அ-பதிவேட்டின்படி ஆயக்கட்டில் உட்பிரிவுகளோடு சேர்த்து 214 இனங்கள். கண்மாயே படத்தில் இல்லை. 'லைன்ஸ் டு பாலிகன்ஸ்' ஓட்டிப் பார்த்தால் ஆயிரத்துக்கு மேல் வந்தது, பாதி நடுவில் முறுக்கிக்கொண்டு கிடந்தன. கடைசியில் கிராஸ் தொகுப்பிலுள்ள 'வி கிளீன்' கருவியில் ஸ்னாப் (அருகருகே உள்ள புள்ளிகளை ஒட்டவைக்கும்) அளவை 10 மீட்டராக வைத்ததும் 198 பாலிகன் வந்துவிட்டது. அதைக் கூகுள் எர்த்துக்காக டிகிரி அலகுக்கு மாற்றி, கியூஜிஐஎஸ்ஸில் பரப்புப் பார்த்தபோது, பெரியப்பா வயலை ஒட்டிய பக்கத்துக்காரரின் புலம் பட்டாவில் 40 ஏர் (ஒரு ஏர் 100 சதுர மீட்டர்), படத்தில் 42.8 ஏர். ஏழு சென்ட் அதிகம்.

"கம்ப்யூட்டரே காட்டிக் கொடுத்துவிட்டது, மனு எழுது என்கிறார் பெரியப்பா. மீதி 16 பாலிகனையும் ஒரே தட்டில் மூட எந்தக் கருவி? இந்தப் பரப்பை நம்பலாமா? படத்தை வைத்து வரப்புத் தகராறுக்கும் கண்மாய் ஆக்கிரமிப்புக்கும் சேர்த்து மனு கொடுக்கலாமா?" என்று கேட்கிறார்.

நீங்கள் எடுத்திருப்பது நல்ல வேலை. பல கண்மாய்களுக்கு இப்படி ஒரு படம் இல்லாததால்தான் தண்ணீர்ப் பங்கீட்டில் வாய்ப்பேச்சே சாட்சியாக நிற்கிறது. அதனால்தான் இதைச் சரியாகச் செய்ய வேண்டும் என்று விரும்புகிறேன். மனுவை இப்போதைக்கு நிறுத்தி வையுங்கள். அந்த ஏழு சென்ட் எங்கிருந்து வந்தது என்பதைப் பின்னால் கணக்காகவே தருகிறேன்.

கருவி என்ன செய்கிறது, என்ன செய்யாது

'பாலிகனைஸ்' கோட்டைத் திருத்தாது, நீட்டாது. கோடுகள் இடைவெளியே இல்லாமல் சந்தித்து, சுற்றி வந்து மூடும் இடத்தை மட்டும் பாலிகனாக எடுத்துத் தரும். வரப்பில் ஒரு நண்டு வளை இருந்தாலும் வயலில் தண்ணீர் நிற்காது அல்லவா, அதுபோல ஒரு சென்டிமீட்டர் இடைவெளி இருந்தாலும் அந்தப் புலம் தனியாக நிற்காமல் பக்கத்துப் புலத்தோடு கலந்துவிடும். கண்ணுக்குச் சந்திப்பாகத் தெரிவது கருவிக்குச் சந்திப்பு இல்லை.

ஏதாவது ஒரு மூலையை 1:10 அளவுக்கு நெருங்கிப் பாருங்கள். 1:2000-இல் மூன்று வரப்பும் ஒரே புள்ளியில் கூடுவதாகத் தெரிந்த இடம் அது. இப்போது கிழக்கு வரப்பின் கோடு மூலையைத் தாண்டி 30 சென்டிமீட்டர் துருத்திக்கொண்டு நிற்கும். வடக்குக் கோடு அதைத் தொடாமல் 12 சென்டிமீட்டர் முன்னாலேயே நின்றிருக்கும். மூன்றாவது வரப்பு இரண்டு கோடாக, நடுவே 8 சென்டிமீட்டர் விட்டு, பக்கம் பக்கமாக ஓடும். பொது வரப்பை இந்தப் புலத்துக்கு ஒரு முறை, அந்தப் புலத்துக்கு ஒரு முறை என்று இரண்டு தடவை வரைந்ததன் விளைவு அது.

மூன்றும் ஒரே மாதிரித் தப்பு இல்லை என்பதுதான் முக்கியம். தாண்டி நிற்கும் கோட்டால் பெரிய கெடுதல் இல்லை. சந்திப்பில் துண்டாக்கிவிட்டால் துருத்திய வாலைப் பாலிகனைஸ் கண்டுகொள்ளாது. தொடாமல் நிற்கும் கோடுதான் இரண்டு புலத்தை ஒன்றாக்குகிறது. இரட்டைக் கோடு, நடுவில் நூல் போன்ற ஒரு பொய்ப் பாலிகனை உண்டாக்குகிறது. உங்கள் 131-இல் இப்படிப்பட்டவை எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். ஆட்டோகேடில் எழுத்துகளை எக்ஸ்ப்ளோட் செய்திருந்தால் இன்னொன்றும் நடந்திருக்கும்: புல எண்களில் வரும் 0, 6, 8, 9 ஆகியவற்றின் வட்டங்களும் பாலிகனாகி எண்ணிக்கையில் சேர்ந்திருக்கும். ஆகவே உண்மையான புலங்கள் 131-க்கும் குறைவாக இருக்கவே வாய்ப்பு.

'லைன்ஸ் டு பாலிகன்ஸ்' வேறு வேலைக்கான கருவி. ஒவ்வொரு கோட்டையும் தனியாக எடுத்து, அதன் தொடக்கத்தையும் முடிவையும் தானாக இணைத்து மூடிவிடும். நிலத்தில் இல்லாத ஒரு பக்கத்தை அது கற்பனையாகப் போடுகிறது. அந்தக் கோப்பை அழித்துவிடுங்கள், தவறிக்கூட வேறு யாருக்கும் போய்விடக் கூடாது.

கண்மாய் காணாமல் போனதற்கு மூன்று காரணம் சொல்லலாம், உங்கள் கோப்பில் மூன்றுமே இருக்கலாம். கிராம எல்லைக் கோடு ஆட்டோகேடில் தனி லேயரில் இருந்து, நீங்கள் புல எல்லை லேயரை மட்டும் எடுத்திருக்கலாம். கிராம எல்லையைப் பழைய படத்தில் உள்ளபடியே கோடும் புள்ளியுமாக நண்பர் துண்டு துண்டாக வரைந்திருக்கலாம். அல்லது கண்மாயின் நீர்ப்பிடிப்பு பக்கத்து வருவாய்க் கிராமத்துக்குள்ளும் நீண்டிருக்கலாம். நம் பக்கம் இது சாதாரணம். அப்படியானால் உங்கள் கிராம வரைபடத்தில் இருப்பது பாதிக் கண்மாய்தான். கிராம எல்லையோடு அதை மூடி, பக்கத்துக் கிராமப் படத்திலிருந்து மறுபாதியைத் தனியாக எடுக்க வேண்டும்.

214 என்ற எண்ணைப் பற்றியும் ஒரு வார்த்தை. கிராம வரைபடம் புலங்களைக் காட்டுவதற்கானது. உட்பிரிவுகளுக்கு ஆதாரம் புலப்படம். படம் அச்சான பிறகு நடந்த உட்பிரிவுகள் அதில் இருக்கவே இருக்காது. ஆகவே முதலில் அ-பதிவேட்டிலிருந்து இரண்டு எண்ணிக்கை எடுங்கள்: முழுப் புல எண்கள் எத்தனை, உட்பிரிவோடு எத்தனை. புல எல்லைகளை மட்டும் வைத்து முதல் எண்ணிக்கை வருகிறதா என்று பார்த்துவிட்டு, பிறகுதான் உட்பிரிவுக் கோடுகளைச் சேர்க்க வேண்டும். இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டால் தப்பு எங்கே என்று தெரியாது.

பத்து மீட்டர் ஏன் கூடாது

ஸ்னாப் அளவு என்பது "இவ்வளவு தூரத்துக்குள் இருக்கும் புள்ளிகளை ஒன்றாக்கிவிடு" என்ற கட்டளை. ஆயக்கட்டுக்குள் ஓடும் கிளை வாய்க்கால் ஒன்றரை மீட்டர் அகலம் என்று வையுங்கள், வண்டிப்பாதை மூன்று நான்கு மீட்டர். பத்து மீட்டர் என்றதும் வாய்க்காலின் இரண்டு கரையும் ஒரே கோடாக ஒட்டிக்கொள்ளும். பாதையும் அப்படியே. அந்த நிலம் இரு பக்கத்து வயல்களுக்குள்ளும் கரைந்துபோகும். வாய்க்காலும் பாதையும் பெரும்பாலும் புறம்போக்கு. அரசு நிலத்தைப் பட்டா நிலத்தில் சேர்த்த படம் ஒன்றைச் சங்கத்தின் பெயரில் நீங்களே தயாரித்திருக்கிறீர்கள் என்று பொருள். 198 என்ற எண் 214-க்கு அருகில் இருப்பதைப் பார்த்து ஆறுதல் அடையாதீர்கள். சில புலங்கள் சரியாக மூடியிருக்கும், சில குறுகிய புலங்கள் செத்திருக்கும், சில பொய்ப் பாலிகன்கள் முளைத்திருக்கும். கூட்டிக் கழித்து வந்ததுதான் அந்த எண். "மீதி 16" என்று ஒன்று கிடையாது.

படத்தில் உண்மையிலேயே இருக்கும் மிகக் குறுகிய அகலம் எது என்று பாருங்கள். ஸ்னாப் அளவு அதில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்று வைத்துக்கொள்வது பாதுகாப்பு. ஒன்றரை மீட்டர் வாய்க்கால் இருந்தால் அரை மீட்டர். அரை மீட்டருக்குள் மூடாத இடைவெளி, கருவி தீர்க்க வேண்டிய சிக்கலே இல்லை. புலப்படத்தைத் திறந்தோ களத்துக்குப் போயோ நீங்கள் பதில் தேட வேண்டிய கேள்வி அது.

செய்ய வேண்டிய வரிசை

மூலக் கோப்பைத் தொடாமல் ஒரு நகல் எடுத்து ஜியோபேக்கேஜாக (கியூஜிஐஎஸ்ஸின் கோப்பு வகை) சேமியுங்கள். வேலை முடியும்வரை மீட்டர் அலகில் இருங்கள். மீட்டரில் இடத்தைக் குறிக்கும் யுடிஎம் முறையில் மேலூர் இருப்பது 44 வடக்கு மண்டலம், மென்பொருளில் அதன் குறியெண் இபிஎஸ்ஜி 32644. 43, 44 மண்டலங்களைப் பிரிக்கும் 78 டிகிரி தீர்க்கரேகை மதுரை நகரத்துக்குச் சற்று மேற்கே போகிறது. உசிலம்பட்டி, பேரையூர்ப் பக்கத்து ஊர்களுக்கு 43, எண் 32643. பக்கத்து மாவட்ட நண்பர்களின் கோப்பை வாங்கிச் சேர்க்கும்போது இதைக் கவனியுங்கள். டிகிரி அலகான இபிஎஸ்ஜி 4326-இல் இருக்கும் கோப்பில் ஸ்னாப் அளவாக 0.5 கொடுத்தால் அது அரை டிகிரி, ஏறக்குறைய 55 கிலோமீட்டர்.

அடுத்து வடிகட்டல். டிஎக்ஸ்எஃப் கோப்பில் ஒவ்வொரு கோட்டுக்கும் எந்த லேயர் என்ற விவரம் இருக்கும். புல எல்லை, உட்பிரிவு எல்லை, கிராம எல்லை, கண்மாய், ஓடை, பாதை ஆகியவற்றின் எல்லைக் கோடுகளை மட்டும் எடுங்கள். எழுத்து, மரம், ஹேட்ச் (நிரப்புக் கோடுகள்), கிணறு வேண்டாம். வயலுக்குள் இருக்கும் கிணற்று வட்டத்தை விட்டுவைத்தால் அது தனிப் பாலிகனாகி, வயலில் ஓட்டை விழுந்து பரப்புக் குறையும். பட்டாவில் கிணறு தனி உட்பிரிவாக இல்லாதவரை அது வயலின் பரப்பில்தான் அடங்கும்.

பிறகு இரட்டைக் கோடுகள். 'டெலீட் டூப்ளிகேட் ஜியோமெட்ரீஸ்' அச்சு அசலாக ஒன்றின்மேல் ஒன்று கிடப்பவற்றை மட்டும் நீக்கும். 8 சென்டிமீட்டர் தள்ளி ஓடும் ஜோடிகளைக் கையால் அழிப்பதுதான் நல்லது. இருநூறு புலம் உள்ள படத்துக்கு அது ஒரு நாள் வேலை. அலுப்பாக இருந்தாலும், எந்தக் கோட்டை வைத்துக்கொள்வது என்பதை இந்த ஒரு நாளில் நீங்கள் தீர்மானிக்கிறீர்கள். கருவியிடம் விட்டால் அது தீர்மானிக்கும்.

இப்போது இடைவெளிகளை அளந்துவிடுங்கள். மூடுவது அப்புறம். கியூஜிஐஎஸ்ஸின் டோபாலஜி செக்கரில் 'மஸ்ட் நாட் ஹேவ் டேங்கிள்ஸ்' என்ற விதியை ஓட்டினால் எங்கும் சேராத முனைகள் எல்லாம் பட்டியலாக வரும். ஒவ்வொன்றும் அருகிலுள்ள கோட்டிலிருந்து எவ்வளவு தூரம் என்று குறித்து மூன்றாகப் பிரியுங்கள். அரை மீட்டருக்குள் இருப்பவை வரைந்தவரின் கைத்தவறு. அரை மீட்டர் முதல் இரண்டு மீட்டர் வரை உள்ளவை சந்தேகம், புலப்படத்தைப் பார்த்துத் தீர்க்க வேண்டும். அதற்கு மேல் என்றால் பெரும்பாலும் ஒரு கோடு விட்டுப்போயிருக்கிறது, அல்லது அது வாய்க்கால் வாயோ பாதையின் முனையோ, மூடவே கூடாத இடம்.

கைத்தவறுகளுக்கு ஸ்னாப் செய்வதைவிட நீட்டி வெட்டுவதை நான் விரும்புகிறேன். ஸ்னாப் செய்தால் வளைவுப் புள்ளிகள் இடம் மாறும், எல்லை நகரும். 'எக்ஸ்டெண்ட் லைன்ஸ்' கோட்டின் திசையிலேயே இரு முனையையும் நீட்டும், இருந்த புள்ளி எதுவும் அசையாது. அரை மீட்டர் நீட்டுங்கள். தொடாமல் நின்ற கோடுகள் எதிர்க்கோட்டைத் தாண்டிவிடும். தாண்டியதால் கெடுதல் இல்லை என்று மேலே சொன்னேன். ஏற்கெனவே மூடிய வளையமாக வரைந்த கோடுகளை மட்டும் இதிலிருந்து விலக்குங்கள். கூர்மையான கோணத்தில் கூடும் மூலைகளை முடிந்ததும் ஒரு முறை கண்ணால் பாருங்கள், அங்கே நீட்டிய முனை அடுத்த கோட்டைத் தொடாமல் போகக்கூடும்.

நீட்டியதை 'டிஸால்வ்' செய்து, பின் 'மல்டிபார்ட் டு சிங்கிள்பார்ட்ஸ்' ஓட்டினால் வெட்டிக்கொள்ளும் இடமெல்லாம் துண்டாகும். அதன்மேல் 'பாலிகனைஸ்'. இந்த வரிசையில் செய்தாலே 131 என்பது கணிசமாக மாறும்.

எண்ணிக்கையை நம்பாதீர்கள், எண்ணை நம்புங்கள்

பாலிகன் மொத்தம் எத்தனை என்பது சோதனை ஆகாது. ஒவ்வொரு பாலிகனுக்குள்ளும் எத்தனை புல எண் விழுகிறது என்பதே சோதனை. டிஎக்ஸ்எஃப்பிலிருந்து எழுத்துகளைப் புள்ளி லேயராக எடுத்து, 'கவுண்ட் பாயிண்ட்ஸ் இன் பாலிகன்' ஓட்டுங்கள். ஒன்று என்று வந்தால் சரி. இரண்டோ மூன்றோ வந்தால் நடுவில் ஒரு கோடு இன்னும் மூடவில்லை. சுழியம் என்றால் அது நூல் பாலிகன், அல்லது வாய்க்கால், பாதை போல எண் எழுதாமல் விட்ட இடம். இந்தப் பட்டியலே உங்கள் வேலைத் திட்டம். பெரிய ஸ்னாப் அளவு இந்தச் சோதனையில் உடனே மாட்டிக்கொள்ளும்.

இதில் ஒரு பொறி உண்டு. ஆட்டோகேடில் எழுத்தின் புள்ளி பெரும்பாலும் எழுத்தின் இடது கீழ் மூலையில்தான் இருக்கும், நடுவில் இராது. குறுகலான வயலில் எழுதிய "2அ" என்ற உட்பிரிவு எண்ணின் புள்ளி பக்கத்து வயலுக்குள் விழுந்து, இங்கே சுழியமும் அங்கே இரண்டும் காட்டும். கோட்டைத் தேடி அலையாமல் முதலில் புள்ளியை உள்ளே தள்ளுங்கள்.

நூல் பாலிகன்களைப் பிடிக்கப் பரப்பு மட்டும் போதாது, நீளமான வாய்க்காலும் பரப்பில் சிறியதாக இருக்கக்கூடும். பரப்பை 12.57-ஆல் பெருக்கிச் சுற்றளவின் வர்க்கத்தால் வகுங்கள். வட்டத்துக்கு 1, சதுரத்துக்கு 0.79 வரும். 0.05-க்குக் கீழே வருவதையெல்லாம் கண்ணால் பார்த்து, அது வாய்க்காலா வரைந்த தப்பா என்று முடிவு செய்யுங்கள்.

அந்த ஏழு சென்ட்

நீங்கள் எழுதிய எண்ணை அப்படியே எடுத்துக்கொள்கிறேன்: 0.0000003474 சதுர டிகிரி. ஒரு டிகிரிக்கு 111 கிலோமீட்டர் என்று இரு பக்கமும் பெருக்கி 4,280 சதுர மீட்டர் கண்டிருக்கிறீர்கள். மேலூர் அட்சரேகையில் ஒரு டிகிரி வடக்கு தெற்காக ஏறத்தாழ 110.6 கிலோமீட்டர், கிழக்கு மேற்காக 109.6. அப்படிப் பெருக்கினால் வருவது சுமார் 4,210 சதுர மீட்டர். 70 சதுர மீட்டர், ஏறத்தாழ ஒன்றே முக்கால் சென்ட், வெறும் பெருக்கலில் வந்த தப்பு. கியூஜிஐஎஸ்ஸில் டாலர் குறியோடு தொடங்கும் ஏரியா, புராஜெக்டில் நீள்வட்டக் கோளம் சரியாக அமைந்திருந்தால் நேரே சதுர மீட்டரில் தரும். நீங்கள் பயன்படுத்திய, டாலர் குறி இல்லாத ஏரியா, கோப்பு எந்த அலகில் இருக்கிறதோ அதிலேயே தட்டையாகக் கணக்கிடும். யுடிஎம்மில் தட்டையாகக் கணக்கிட்டாலும் மேலூர்ப் பக்கம் ஹெக்டேருக்குப் பதின்மூன்று சதுர மீட்டர் போலக் கூட்டிக் காட்டும். அது நம் சிக்கலுக்குப் பொருட்டில்லை.

மீதி 210 சதுர மீட்டர், ஏறத்தாழ ஐந்தேகால் சென்ட். 40 ஏர் நிலத்தைச் சதுரமாக நினைத்தால் ஒரு பக்கம் 63 மீட்டர். அந்த ஒரு வரப்பு 3.3 மீட்டர் தள்ளியிருந்தால் இந்த ஐந்தேகால் சென்ட் வந்துவிடும். உங்கள் கிராம வரைபடம் 1:5000. 3.3 மீட்டர் என்பது தாளில் 0.7 மில்லிமீட்டர். பழைய படத்தில் மசிக்கோட்டின் கனமே அரை மில்லிமீட்டர் இருந்தால் நிலத்தில் அது இரண்டரை மீட்டர். அதற்கு மேல் ஸ்கேன் செய்த தாளின் சுருக்கம் இருக்கிறது, நண்பர் கண்ணளவில் போட்ட உட்பிரிவுக் கோடு இருக்கிறது, எல்லாவற்றுக்கும் மேலாகப் புள்ளிகளைப் பத்து மீட்டர் வரை இழுக்க அனுமதித்த ஸ்னாப் இருக்கிறது. இத்தனையும் கழித்த பிறகு பக்கத்துக்காரர் தலையில் கட்ட எதுவும் மிஞ்சவில்லை. அவர் வரப்பைத் தள்ளவில்லை என்று நான் சொல்ல வரவில்லை. இந்தப் படத்தால் அதை அறிய முடியாது என்கிறேன்.

பொருத்தத்தின் சராசரிப் பிழை 3 மீட்டர்தான் என்று நம்பிக்கையோடு எழுதியிருக்கிறீர்கள். நான்கு புள்ளியில் பொருத்தினால் அந்த எண் உண்மையைவிடக் குறைவாகவே காட்டும், ஏனென்றால் சோதித்துப் பார்க்க மிச்சப் புள்ளிகள் இல்லை. புரொஜெக்டிவ் முறையில் நான்கு புள்ளிக்குப் பிழை சுழியம் என்றே வரும். குறைந்தது எட்டுப் பத்து இடங்களில், படத்தின் நான்கு ஓரத்திலும் நடுவிலுமாக, களத்தில் இருக்கும் அளவைக் கற்களில், முக்கியமாக மூன்று புலம் கூடும் இடத்துக் கற்களில், நல்ல ஜிஎன்எஸ்எஸ் (செயற்கைக்கோள் வழி இடம் காணும்) கருவியால் அளவெடுத்துப் பொருத்துங்கள். இரண்டு மூன்று கற்களைப் பொருத்தத்தில் சேர்க்காமல் வைத்திருந்து, பிறகு அவை எங்கே விழுகின்றன என்று பாருங்கள். அந்த வித்தியாசம்தான் உங்கள் படத்தின் உண்மையான பிழை. கைபேசி ஜிபிஎஸ் இதற்கு உதவாது.

மனு, உரிமை, ஆபத்து

உங்கள் முன் மூன்று வழிகள் இருக்கின்றன. இந்தப் படத்தையே மேலே சொன்னபடி சுத்தம் செய்தால் மடைவாரி முறை வைப்பதற்கும் வாய்க்கால் தூர்வாரும் வேலைக்கும் தாராளமாகப் போதும். உங்கள் சங்கத்தின் முதல் தேவை அதுதான், அதை முதலில் முடியுங்கள். கண்மாயை ஒட்டிய புலங்களையும் சச்சரவுள்ள புலங்களையும் மட்டும் புலப்படத்தில் உள்ள அளவுகளைக் கொண்டு, கண்ணளவில் இல்லாமல் எண்ணைப் போட்டு மறுபடி வரைவது இரண்டாவது வழி. இதில் துல்லியம் கூடும். ஆனால் பக்கத்துப் பக்கத்துப் புலப்படங்கள் சேரும் இடத்தில் சிறு இடைவெளியும் மேற்பொருத்தமும் வரத்தான் செய்யும். பழைய ஆவணத்தில் அளவு லிங்கில் இருந்தால் ஒரு லிங்க் 20.1168 சென்டிமீட்டர். 20 என்று போட்டால் 300 லிங்கில் 35 சென்டிமீட்டர் போய்விடும்.

வரப்புத் தகராறுக்கு மூன்றாவது வழி ஒன்றுதான். உரிய கட்டணம் கட்டி, தன் பட்டா நிலத்தை அளந்து அத்து, அதாவது எல்லை, காட்டச் சொல்லிப் பெரியப்பா மனு கொடுக்கலாம். அது அவருடைய உரிமை. சர்வேயர் பக்கத்துப் பட்டாதாரர்களுக்கும் தெரிவித்துவிட்டு அளப்பார், எல்லை காட்டுவார். எல்லை அளவை நடப்பது 1923-ஆம் ஆண்டு தமிழ்நாடு நில அளவை மற்றும் எல்லைகள் சட்டத்தின்படி. நீங்கள் போட்ட பாலிகனுக்கு அந்தச் சட்டத்தில் இடம் இல்லை. இடம் யாருக்குச் சொந்தம் என்பதிலேயே தகராறு என்றால் சிவில் நீதிமன்றம்தான் முடிவு சொல்லும். போகும் முன் பெரியப்பாவின் பத்திரத்தில் உள்ள பரப்பும் பட்டாவில் உள்ள பரப்பும் ஒன்றுதானா என்று பார்த்துவிடுங்கள். "நிலம் குறைகிறது" என்ற புகார்கள் சில அந்த இரண்டு தாள்களுக்கு நடுவிலேயே இருக்கும்.

மனுவில் பக்கத்துக்காரர் பெயரைப் போட்டு "ஆக்கிரமித்துள்ளார்" என்று எழுதாதீர்கள். "என் நிலத்தின் எல்லையைக் காட்டித் தர வேண்டும்" என்பது போதும். முன்னதை எழுதிவிட்டு அளவையில் வேறு மாதிரி வந்தால், வரப்புப் பிரச்சினை உறவுப் பிரச்சினையாகவும் வழக்காகவும் வளரும். அந்தப் படம் ஊர் வாட்ஸ்அப் குழுவில் ஏற்கெனவே போயிருந்தால், பழைய படம் தவறானது, பயன்படுத்த வேண்டாம் என்று நீங்களே எழுதிவிடுங்கள். அரசு நட்ட அளவைக் கல்லை யாரும் அசைக்கக் கூடாது, அது குற்றம். கல் சாய்ந்தோ புதைந்தோ கிடந்தால் நேராக்காமல் போட்டோ எடுத்து விஏஓவிடம் எழுத்தில் கொடுங்கள்.

கண்மாய் விஷயம் வேறு. ஆயக்கட்டு 40 ஹெக்டேருக்கு மேல் என்றால் கண்மாய் நீர்வளத் துறையிடம் இருக்கும், அதற்குக் கீழ் என்றால் ஊராட்சி ஒன்றியத்திடம். முதலில் யாரிடம் என்று தெரிந்துகொள்ளுங்கள். நீர்வளத் துறைக் கண்மாய்களுக்கு 2007-ஆம் ஆண்டு ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டம் இருக்கிறது. அளவைத் துறையைக் கொண்டு கண்மாயை அளந்து, எல்லை காட்டும் படமும் பதிவேடும் தயாரிப்பது அதிகாரிகளின் கடமை என்று அந்தச் சட்டம் சொல்கிறது. ஆகவே எல்லையை நிரூபிக்கும் பாரம் உங்கள் சங்கத்தின் மேல் இல்லை. அளந்து கல் நடும்படி கேட்பதுதான் உங்கள் மனு. இங்கே உங்கள் படம் நன்றாக உதவும். கரையில் எந்தக் கலுங்குக்கும் எந்த மடைக்கும் நடுவே சந்தேகம், எந்தெந்தப் புல எண்கள் கண்மாயை ஒட்டியிருக்கின்றன என்று அடையாளம் காட்ட அதை இணைப்பாக வைக்கலாம். பரப்பு எண்களை மட்டும் எடுத்துவிட்டு, மூலப் படத்தின் அளவு 1:5000 என்பதையும், நீங்கள் கற்களில் சோதித்துக் கண்ட பிழை எத்தனை மீட்டர் என்பதையும், இது எல்லைக்கு ஆதாரம் அல்ல என்பதையும் ஓரத்தில் அச்சிடுங்கள்.

கடைசியாக ஒரு பட்டியல் தயார் செய்யுங்கள்: புல எண், அ-பதிவேட்டுப் பரப்பு, படத்தின் பரப்பு, வித்தியாசம் எத்தனை சதவீதம். வித்தியாசம் பெரிதாக உள்ள புலங்களை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் புலப்படத்தை அரசின் இணையச் சேவையிலிருந்து இறக்கிப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கோடு தப்பாக வரைந்ததால் வந்தவை அங்கேயே தீர்ந்துவிடும். தீராதவற்றின் எண்களை மட்டும், குற்றச்சாட்டு எதுவும் இல்லாமல், சர்வேயர் வரும் நாளுக்கு ஒரு தாளில் எழுதி வைத்திருங்கள்.